சிலிக்கன் ஒளிரும் என்றால் சில்லுகள் ஏன் ஒளிரவில்லை? போரஸ் சிலிக்கன் பற்றிய விவாத இழை

4 மே 2024, காலை. கேள்வி, காவேரிப்பட்டினத்திலிருந்து

நான் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். சிலிக்கனில் நுண்துளைகள் உண்டாக்கிப் போரஸ் சிலிக்கனாக்கினால் அது அறை வெப்பநிலையிலேயே கண்ணுக்குத் தெரியும்படி ஒளிர்கிறது என்று 1990-லேயே காட்டிவிட்டார்கள். அப்படியானால் விளக்கு, ஒளிவழி, உணரி எல்லாவற்றையும் அந்த ஒரே சிலிக்கனில் அமைத்து, செம்புக் கம்பிக்குப் பதிலாக ஒளியாலேயே பேசும் சில்லை இத்தனை ஆண்டுகளில் ஏன் யாரும் செய்யவில்லை? பெரிய நிறுவனங்கள் இதை அமுக்கிவிட்டன என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். இதையே ப்ராஜெக்டாக எடுத்துக்கொள்ளலாமா?

4 மே, இரவு. தருமபுரி

யாரும் எதையும் அமுக்கவில்லை தம்பி. அமுக்க ஆள் வருவதற்குள் அது தானாகவே அமுங்கிவிட்டது.

முதலில் சிலிக்கன் ஏன் ஒளி தர மறுக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். காலியம் ஆர்சனைடு என்ற குறைகடத்தியில் மேல் ஆற்றல் பட்டையில் உள்ள எலக்ட்ரான், கீழ்ப்பட்டையில் எலக்ட்ரான் இல்லாத காலியிடமாகிய மின்துளையோடு நேராகச் சேர்ந்து ஒரு ஃபோட்டானை, அதாவது ஒளித்துகளை, உமிழ்ந்துவிடும். சிலிக்கனில் இவை இரண்டின் உந்தமும் ஒத்துப்போவதில்லை. படிக அதிர்வாகிய ஒரு ஃபோனான் இடையில் புகுந்து உந்தக் கணக்கை நேர் செய்தால்தான் ஒளி பிறக்கும். அது நேர்வதற்குள் பெரும்பாலான எலக்ட்ரான்கள் படிகத்தின் ஏதாவதொரு குறைபாட்டில் விழுந்து தம் ஆற்றலை வெப்பமாக இழந்துவிடுகின்றன. தப்பி வரும் சொற்ப ஒளியும், இரு பட்டைகளுக்கும் நடுவே உள்ள 1.12 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் இடைவெளிக்குரிய அகச்சிவப்பில், ஏறத்தாழ 1,100 நானோமீட்டரில்தான் இருக்கும்.

போரஸ் சிலிக்கன் 1990-இல் பிறந்ததும் அல்ல. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆர்தர் உஹ்லிரும் இங்கபோர்க் உஹ்லிரும் சிலிக்கனை ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தில் வைத்து மின்சாரத்தால் மெருகேற்ற முயன்றபோது, மெருகுக்குப் பதிலாகக் கறுப்பும் பழுப்பும் சிவப்புமாக ஒரு மங்கிய படலம் படிந்தது. அதை 1956-இல் ஆர்தர் உஹ்லிர் எழுதி வைத்தார். அந்தப் படலம் உண்மையில் துளை விழுந்து எஞ்சிய சிலிக்கன்தான் என்பது பல ஆண்டுகள் கழித்தே தெளிவாயிற்று. பிறகு இங்கிலாந்தின் மால்வெர்னில் இருந்த பாதுகாப்புத் துறை ஆய்வு நிலையத்தில் லீ கேன்ஹாம், துளையிட்ட மாதிரியை மேலும் பல மணி நேரம் அமிலத்திலேயே விட்டு, துளைகளுக்கு இடையிலிருந்த சுவர்களைச் சில நானோமீட்டர் அளவுக்கு மெலிய வைத்தார். லேசர் பட்டதும் அது சிவப்பாக ஒளிர்ந்தது. அவ்வளவு சிறிய இடத்தில் அடைபட்ட எலக்ட்ரானுக்கு ஆற்றல் இடைவெளி விரிகிறது. 2 எலக்ட்ரான்வோல்ட்டை எட்டினால் ஒளி 620 நானோமீட்டருக்கு வந்துவிடும். ஏறத்தாழ அதே காலத்தில் லேமனும் கோசெலும் ஒளி உட்கவர்தலை அளந்து இதே விளக்கத்துக்கு வந்தார்கள்.

மீதியை நாளை எழுதுகிறேன்.

5 மே, மாலை

இதை நான் ஏட்டில் மட்டும் படித்தவன் அல்லன். எம்.ஃபில். ஆய்வில் இந்தப் படலத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். அமிலப் புகையை இழுக்க வேண்டிய விசிறி அங்கே ஓடியதைவிட நின்ற நாள்களே அதிகம் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

செய்முறை எளிது. டெஃப்லானில் கடைந்த ஒரு சிறு கிண்ணம். அடியில் ரப்பர் வளையத்தின் மேல் வேஃபர் எனப்படும் மெல்லிய சிலிக்கன் தகட்டின் துண்டு. மேலே பிளாட்டினக் கம்பி. நடுவில் எத்தனால் கலந்த அமிலம். கண்ணாடிப் பாத்திரத்தை இந்த அமிலமே தின்றுவிடும் என்பதால்தான் டெஃப்லான். எத்தனால் இல்லாவிட்டால், வினையில் பிறக்கும் ஹைட்ரஜன் குமிழிகள் பரப்பிலேயே ஒட்டிக்கொண்டு, குமிழி இருந்த இடமெல்லாம் வட்ட வட்டமாகத் தழும்பு விழும். மின்சாரம் பாய்ந்த சில நொடிகளில் ஆடிபோல் பளபளத்த பரப்பில் முதலில் ஒரு மஞ்சள் சாயல் ஓடும், பிறகு ஊதா, பிறகு நீலம், பிறகு பச்சை. படலம் தடிக்கத் தடிக்க நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடி, கடைசியில் எல்லாம் கலங்கிப் பழுப்பில் நின்றுவிடும். கழுவி உலர்த்தும்போதுதான் கண்டம். துளைக்குள் உள்ள நீர் ஆவியாகும்போது அதன் பரப்பு இழுவிசை சுவர்களைச் சேர்த்து இழுப்பதால், தடித்த படலம் கண்ணெதிரே பாளம் பாளமாக வெடித்து, ஊதினால் பறக்கும் தூளாகிவிடும். பென்டேன் போன்ற இழுவிசை குறைந்த திரவத்தில் அலசி உலர்த்தினால் பிழைக்கும்.

ஆய்வகத்தில் புற ஊதா விளக்கு பழுதாகிக் கிடந்ததால், கடைகளில் கள்ள நோட்டுப் பார்க்க வைத்திருக்கும் ஊதா விளக்கு ஒன்றை வாங்கி வந்து இருட்டில் காட்டினோம். செம்மஞ்சளில் தணல்போல் ஒளிர்ந்தது. சிலிக்கன் ஒளிர்வதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அதன்மேல் ஒரு பித்து வருவது இயற்கை. அந்தப் பித்தில்தான் 1990-களில் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் எழுதப்பட்டன.

7 மே

ஓசூரில் அலுமினியத்துக்கு அனோடைசிங் செய்யும் பட்டறை ஒன்றில் பணிபுரியும் நண்பர், “நாங்கள் தொட்டியில் செய்வதும் நீங்கள் சொல்வதும் ஒன்றுதானே?” என்று கேட்டிருக்கிறார். இந்த இழைக்கு இதுவரை வந்தவற்றுள் சிறந்த கேள்வி இது.

பாதி ஒன்று, பாதி வேறு. இரண்டிலும் வேலைப்பொருள்தான் நேர்மின்வாய்; இரண்டிலும் துளைகள் தாமாகவே உண்டாகி இறங்குகின்றன. உங்கள் தொட்டியில் அலுமினியம் ஆக்சைடாக மாறி வளர்கிறது; துளை அந்த ஆக்சைடில் விழுகிறது; அதில் சாயம் ஏற்றி வெந்நீரில் மூடிவிடுகிறீர்கள். சிலிக்கனில் ஆக்சைடு நிற்பதில்லை, அமிலம் உடனுக்குடன் கரைத்துவிடுகிறது. துளைக்கு இடையில் எஞ்சுவது படிகம் குலையாத சிலிக்கனேதான். சாயம் ஏற்ற வேண்டிய தேவையும் இல்லை. உங்கள் அனுபவம் இங்கே அப்படியே செல்லுபடியாகும் ஓர் இடம் உண்டு: மின்னோட்ட அடர்த்தி கூடினால் துளை அகலும், நேரம் கூடினால் படலம் தடிக்கும். மின்னோட்டத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் துளையே இல்லாமல் பரப்பு முழுதும் கரைந்து மெருகாகிவிடும். உஹ்லிர் தேடிய மெருகு அதுதான்.

9 மே, இரவு

இப்போது முதல் கேள்விக்கு நேராக வருகிறேன்.

விளக்காகப் போரஸ் சிலிக்கன் ஏன் தோற்றது என்று கேட்டால் பலரும் திறன் குறைவு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஊதா ஒளி பட்டு ஒளிர்வது வேறு, மின்சாரம் பாய்ந்து ஒளிர்வது வேறு. துளைகள் நிறைந்த ஒரு பஞ்சுக்குள் எலக்ட்ரானையும் மின்துளையையும் ஒரே நானோ படிகத்துக்குள் கொண்டு சேர்ப்பது பெரும்பாடு. முதலில் செய்த டையோடுகளின் திறன் சொல்லவே கூச்சப்படும் அளவில் இருந்தது. ஆனால் அந்த நிலை நீடிக்கவில்லை: ஜப்பானில் ஜெலோஸும் கொஷிதாவும் மின்வேதி முறையில் ஆக்சிஜனேற்றம் செய்து 2000-ஆம் ஆண்டில் வெளித்திறனை, அதாவது பாய்ந்த எலக்ட்ரான்களுக்கு வெளியே வரும் ஃபோட்டான்களின் விகிதத்தை, 1 சதவீதத்துக்கு மேல் கொண்டு வந்தார்கள். எனவே திறன் மட்டுமே எமன் அல்ல.

வேகம் அதைவிடப் பெரிய தடை. அந்தச் செம்மஞ்சள் ஒளி அணைய மைக்ரோநொடிகள் பிடிக்கிறது. அணைந்தால்தானே அடுத்த பிட்டை அனுப்ப முடியும்? ஒரு மைக்ரோநொடிக்கு ஒரு பிட் என்றால் நொடிக்குப் பத்து லட்சம் பிட். இன்றைய ஒளியிழை இணைப்புகளோ நொடிக்கு ஆயிரம் கோடி பிட்களுக்கு மேல் அனுப்புகின்றன. கம்பியை விட்டு ஒளிக்கு மாறுவதன் நோக்கமே வேகம் என்னும்போது, கம்பியைவிட மெதுவான விளக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மூன்றாவது தடையை மாணவர்கள் கவனிப்பதே இல்லை. என் கணிப்பில் அதுதான் உங்கள் ஒரே சிலிக்கன் என்ற கனவை நேரடியாக உடைக்கிறது. போரஸ் சிலிக்கன் தரும் ஒளி 600 முதல் 800 நானோமீட்டர் வரை. அந்த அலைநீளத்தைச் சாதாரண சிலிக்கன் உட்கவர்ந்துகொள்ளும். 1,100 நானோமீட்டருக்கு மேல்தான் சிலிக்கன் ஒளிபுகும் பொருளாகிறது. அதாவது விளக்கைச் சிலிக்கனில் செய்யலாம், உணரியைச் சிலிக்கனில் செய்யலாம். இரண்டுக்கும் நடுவே ஒளி செல்லும் பாதையை மட்டும் சிலிக்கனில் செய்ய முடியாது, வழியிலேயே தின்றுவிடும். பாதைக்கு சிலிக்கன் நைட்ரைடு போன்ற வேறு பொருளைக் கொண்டுவர வேண்டும். வேறு பொருளைக் கொண்டுவருவது என்று ஆனபின், நல்ல லேசர் தரும் பொருளையே கொண்டுவந்துவிடலாமே!

இதற்கு மேல் காற்றுப் பட்டால் மாறும் பரப்பு, சூடு கடத்தாத பஞ்சு அமைப்பு என்று சில்லறைத் தொல்லைகள்.

9 மே, மேலதிகம்

யாருமே செய்யவில்லை என்பதும் சரியல்ல. ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஃபோஷேயின் குழு, ஆக்சிஜனேற்றம் செய்த போரஸ் சிலிக்கன் ஒளியுமிழியையும் அதை இயக்கும் டிரான்சிஸ்டரையும் ஒரே சில்லில் அமைத்து 1996 நவம்பரில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. செய்ய முடியும் என்பது அன்றே நிரூபணமாயிற்று. செய்து என்ன பயன் என்ற கேள்விக்குத்தான் பதில் வரவில்லை.

12 மே

“நம் கிருஷ்ணகிரி கிரானைட்டிலும் சிலிக்கா இருக்கிறதே, அதில் வேஃபர் செய்ய முடியாதா?” என்று ஒருவர். கிரானைட்டில் சிலிக்காவோடு அலுமினியம், பொட்டாசியம், சோடியம், இரும்பு என்று ஊரே குடியிருக்கிறது. தூய குவார்ட்ஸை மின்வில் உலையில் கரியோடு சேர்த்து உருக்கிச் சிலிக்கனாக்கி, அதை ட்ரைக்ளோரோசிலேன் என்ற எளிதில் ஆவியாகும் திரவமாக மாற்றி வடித்து, மறுபடி சிலிக்கனாகப் படியவைத்து, பிறகு உருக்கி ஒற்றைப் படிகமாக இழுக்க வேண்டும். நம் கல் சமையல் மேடைக்கும் கல்லறைக்கும் நன்றாகவே உழைக்கிறது, அதை அங்கேயே விட்டுவிடலாம்.

13 மே

காற்றுப் பட்டால் மாறும் பரப்பு என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போனதற்கு விளக்கம் கேட்கிறார்கள். நியாயம்தான்.

புதிதாக அரித்தெடுத்த படலத்தின் பரப்பு முழுதும் ஹைட்ரஜன் போர்த்தியிருக்கும். காற்றில் வைத்தால் ஆக்சிஜன் மெல்ல அந்த இடத்தைப் பிடிக்கும். படிகம் சிறிதாகச் சிறிதாக ஒளி சிவப்பிலிருந்து பச்சை, நீலம் என்று நகர வேண்டும் என்பது கணக்கு. ஆனால் காற்றில் வைத்த மாதிரிகள் எவ்வளவு சிறிய படிகமானாலும் செம்மஞ்சளைத் தாண்ட மறுத்தன. இதனால் ஒளிக்குக் காரணம் நானோ படிகமே அல்ல, சிலாக்சீன் என்ற சேர்மம்தான் என்று ஒரு கட்சியும் கிளம்பியது. 1999-இல் ஃபோஷேயின் குழு மாதிரிகளைக் காற்றுப் படாமல் ஆர்கான் வாயுவிலேயே வைத்து அளந்தபோது பச்சையும் நீலமும் கிடைத்தன; காற்றைக் காட்டியதும் அவை சிவப்பை நோக்கிச் சரிந்தன. சிலிக்கன், ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு இடைவெளிக்குள் ஒரு நிலையை உண்டாக்கி எலக்ட்ரானைப் பிடித்துவைக்கிறது என்பது அவர்களுடைய விளக்கம். என் பழைய மாதிரி ஒன்று மேசை இழுப்பறையில் இன்னும் இருக்கிறது. விளக்கின் கீழ் இப்போதும் ஒளிர்கிறது, மங்கலாக, அதே செம்மஞ்சளில்.

15 மே, இரவு

கொஞ்சம் யோசித்தபின், 9-ஆம் தேதிக் குறிப்பு முழுவதும் விளக்கைப் பற்றியே சுற்றிவந்திருப்பது உறுத்துகிறது. ஒளிசார் கருவி என்றால் விளக்கு மட்டுமா? ஆடி, வடிகட்டி, உணரி ஆகியவையும் அந்தக் குடும்பம்தான். அங்கே போரஸ் சிலிக்கனுக்கு இணையாக இன்னொரு பொருளை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

காரணம் ஒளிவிலகல் எண். திண்ம சிலிக்கனுக்கு அகச்சிவப்பில் அது ஏறத்தாழ 3.5. துளை கூடக் கூட உள்ளே காற்று நிறைவதால் எண் 1-ஐ நோக்கி இறங்கும். துளையின் அளவு மின்னோட்டத்தின் கையில். எனவே மின்னோட்டத்தைச் சில நொடிக்கு ஒருமுறை கூட்டிக் குறைத்தால், ஒரே வேஃபருக்குள் எண் மாறி மாறி அடுக்குகள் உண்டாகும். முன்பு உண்டான அடுக்கு பெரும்பாலும் மாறுவதில்லை, அரிப்பு துளையின் அடிநுனியிலேயே நடக்கிறது. மெய்யாகவே இது ஒரு வரம். வழக்கமான பல்லடுக்கு ஆடிக்கு வெற்றிடக் கலத்தில் இரண்டு பொருள்களை மாற்றி மாற்றிப் படியவைக்க வேண்டும். இங்கே ஒரு கிண்ணமும் கணினியில் இணைத்த மின்மூலமும் போதும்.

கணக்கு இதுதான்: ஒவ்வோர் அடுக்கின் தடிமனை அதன் ஒளிவிலகல் எண்ணால் பெருக்கினால் அலைநீளத்தில் கால் பங்கு வர வேண்டும். 600 நானோமீட்டருக்கு அது 150. எண் 1.5 உள்ள அடுக்கு 100 நானோமீட்டரும், எண் 2.0 உள்ள அடுக்கு 75 நானோமீட்டரும் இருந்தால் சரி. இப்படி ஒரு பத்து, இருபது ஜோடி அடுக்கினால் அந்த நிறத்துக்கு மட்டும் நல்ல ஆடி. நடுவில் ஓர் அடுக்கை இருமடங்காக்கினால், இரு ஆடிகளுக்கு நடுவே ஒளியை அடைத்துவைக்கும் ஒளிக்குழிவு; அதனுள் ஒளிரும் சிலிக்கனின் அகன்ற நிறமாலை குறுகிய ஒற்றை நிறமாகச் சுருங்கும்.

அதைவிட வியப்பு, இந்த ஆடி திறந்த வீடு. பச்சை ஆடியின்மேல் ஒரு துளி எத்தனாலை விட்டால், துளி பரவிய இடம் மட்டும் ஒரு நொடியில் சிவப்பாகும். துளைக்குள் காற்றுக்குப் பதில் 1.36 எண் உள்ள திரவம் புகுந்ததன் விளைவு. ஆவியானதும் விளிம்பிலிருந்து உள்நோக்கிப் பச்சை திரும்பும். இந்த ஒரு நிகழ்வின்மேல் கட்டியவைதான் வேதி உணரிகளும் உயிரி உணரிகளும். கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் மைக்கேல் செயிலரின் குழு 1997-இலேயே இதை உயிரி மூலக்கூறுகளைக் கண்டறியும் குறுக்கீட்டு உணரியாக ‘சயின்ஸ்’ இதழில் காட்டியது.

16 மே

ஓசூரிலிருந்து ஒரு பொறியாளர் கோபமாகவே எழுதியிருக்கிறார்: “தரவு மையங்களில் சிலிக்கன் ஃபோட்டானிக்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது, நீங்கள் தோற்றுவிட்டது என்று எழுதுகிறீர்கள்.”

தோற்றது போரஸ் சிலிக்கன் விளக்கு. சிலிக்கன் ஃபோட்டானிக்ஸ் அல்ல. இரண்டுக்கும் குடும்பப் பெயர் மட்டுமே ஒன்று. நீங்கள் சொல்வதில் ஒளிவழி திண்ம சிலிக்கன், அலைநீளம் 1,310 அல்லது 1,550 நானோமீட்டர், அதாவது சிலிக்கன் வழிவிடும் பகுதி, உணரி ஜெர்மானியம், லேசர் இண்டியம் ஃபாஸ்ஃபைடு குடும்பத்திலிருந்து வந்த விருந்தாளி. 2006-இல் இன்டெல்லும் சான்டா பார்பரா பல்கலைக்கழகமும் அறிவித்த கலப்பு லேசர் இந்த வழியில் வந்ததுதான். சிலிக்கனையே ஒளிர வைக்கும் ஆசை இன்னும் சாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: 2020-இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் குழு, அறுகோணப் படிகமாக வளர்த்த சிலிக்கன் ஜெர்மானியக் கலவை நேரடியாக ஒளி உமிழ்வதைக் காட்டியது. அதிலும் துளைக்கு இடமில்லை.

19 மே

ப்ராஜெக்ட் பற்றி.

ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். துறை ஆய்வகத்திலும், ஓடும் புகைவெளியேற்றி, உரிய கையுறை, முகக்கவசம், கால்சியம் குளுக்கோனேட் களிம்பு, இவற்றோடு பழகிய ஒருவர் பக்கத்தில் நிற்பது, இத்தனையும் இல்லாமல் புட்டியைத் திறக்காதீர்கள். மற்ற அமிலம் பட்டால் எரியும், கையை இழுத்துக்கொள்வோம். இது நீர்த்த நிலையில் பட்டால் உடனே வலிக்காது; தோலுக்குள் இறங்கி உடலின் கால்சியத்தைப் பிணைத்துக்கொண்டபின் பல மணி நேரம் கழித்து வலி தொடங்கும். பரந்த இடத்தில் பட்டால் இதயத் துடிப்பே குலையும். இதில் வீரம் காட்ட இடமில்லை.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் நானோ மையத்தில், பிற கல்லூரி ஆய்வாளர்களும் கருவிகளைப் பயன்படுத்த நடுவண் அரசு நிதியில் ஒரு பயனாளர் திட்டம் நடந்து வருகிறது. கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினால் காலை வேலைக்குப் போய்விடும் தூரம். வழிகாட்டி மூலம் விண்ணப்பியுங்கள். ஆனால் ஒளிச்சில்லு என்று எழுதாதீர்கள். உணரி என்று எழுதுங்கள்.

26 மே

மாணவர் தனிமடலில் கேட்டதற்குப் பொதுவிலேயே பதில் எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். “மாதிரி கையில் கிடைத்தால் தடிமனை வேஃபரை உடைக்காமல் எப்படி அளப்பது?”

வெண்ணொளியைப் படலத்தின்மேல் செங்குத்தாக விட்டுத் திரும்பும் ஒளியின் நிறமாலையை எடுங்கள். மேற்பரப்பிலிருந்தும் அடிப்பரப்பிலிருந்தும் திரும்பும் ஒளிகள் கூடியும் கழிந்தும் ஏற்ற இறக்கமாகத் தெரியும். அடுத்தடுத்த இரு முகடுகள் 600-இலும் 650-இலும் இருந்தால், இரண்டையும் பெருக்கி இடைவெளியான 50-ஆல் வகுத்தால் 7,800 நானோமீட்டர். ஒளி போய்த் திரும்பிய இருவழிப் பாதை அது. பாதியாக்கினால் 3,900, ஒளிவிலகல் எண் 1.5 என்று கொண்டால் தடிமன் 2.6 மைக்ரோமீட்டர். அலைநீளத்தோடு எண் சற்று மாறும் என்பதால் இரண்டு முகடுகளோடு நிற்காமல் எத்தனை தெரிகிறதோ அத்தனையையும் சேர்த்து நேர்கோடு பொருத்துங்கள்.

உணரிக்குத் தடிமன்கூடத் தேவையில்லை. அந்த 3,900 என்ற எண் ஆவி பட்டதும் எவ்வளவு நகர்கிறது என்பது மட்டுமே தேவை.

2 ஜூன்

ஸ்பெக்ட்ரோமீட்டர் இல்லை, ஃபோன் கேமரா போதுமா என்கிறார். முகடு எந்தத் திசையில் நகர்ந்தது என்று பார்க்கப் போதும். பழைய டிவிடியின் மேலோட்டை உரித்தால், கோடுகளுக்கு இடையே 740 நானோமீட்டர் உள்ள, ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் நல்ல விளிம்பு விலகல் தகடு கிடைக்கும். அட்டைப் பெட்டியில் ஒரு பிளேடு இடுக்கு, மறுமுனையில் அந்தத் தகடு, அதன்பின் கேமரா. தானாக வெளிச்சம் சரிசெய்யும் வசதியை ஃபோனில் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்திலும் முகட்டின் உயரம் ஒவ்வொன்றாக இருக்கும். அலைநீள அளவுகோலுக்கு டியூப்லைட் வெளிச்சத்தில் தெரியும் 546 நானோமீட்டர் பாதரசப் பச்சைக் கோட்டையும் 436 நீலக் கோட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். எல்.இ.டி. டியூப் உதவாது, அதில் அந்தக் கோடுகள் கிடையாது.